அட்மின் நீக்கிய பதிவு: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

உப்புவெளி_சோலார்:
சோலார் வேலை செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு. எம்சி4 கனெக்டர், அதாவது சோலார் பேனல் வயர்களைப் பூட்டி இணைக்கிற முனை, பற்றி அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நிலாவெளியில் ஒரு கூரையில் ஏறினேன். ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறொரு கம்பெனி. பூட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே தொடுகை சரியில்லாமல் சூடேறி, பிளாஸ்டிக் உருகிக் கருகிக் கிடந்தது. படம் எடுத்து, "கலந்து பூட்டாதீர்கள், தீப்பிடிக்கும்" என்று போட்டேன். கூரையிலிருந்து இறங்கிப் பார்த்தால் படம் இல்லை. அட்மின் நீக்கினார் என்ற வரி மட்டும் நின்றது. அவர் விற்கிற கனெக்டர் அது என்று பிறகுதான் தெரிந்தது. மறுவாரம் அவருடைய கூட்டாளி அதே எச்சரிக்கையைப் படமில்லாமல் போட்டார். வரிசையாக நன்றிகள். இரண்டு வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

கிண்ணியாக்காரன்:
எங்களுடையது சிசிடிவி குழு, மூன்று மொழிக்காரரும் இருக்கிறார்கள். தமிழில் கேட்டேன், "ஆங்கிலத்தில் மட்டும்" என்று நீக்கிவிட்டார்கள். அதற்கு மேலே சிங்களத்தில் இரண்டு கேள்விகள் அப்படியே இருந்தன. கந்தளாயில் இருக்கிற ஒரு சிங்களச் சகோதரர் என் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார். "இதை முதலில் தமிழில் கேட்டவருக்காக" என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார். கேட்டதற்குப் பதில் வந்தது. எனக்கு அந்த வரிதான் மனதில் நிற்கிறது.

உட்துறைமுக_வீதி:
உப்புவெளித் தம்பி, கோபிக்க வேண்டாம். கம்பெனிப் பெயர் தெரிகிற படம் என்றால் எந்த அட்மினும் யோசிப்பார். நானும் படகு எஞ்சின் குழுவுக்கு நான்கு வருடம் அட்மின். மூத்த மெக்கானிக் ஒருவர் ஒரு பையனை "ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா உனக்கு" என்று ஏசினார். பையனும் ஒரு வார்த்தை விட்டான். பையனை நீக்கினேன். பெரியவரை விட்டுவிட்டேன், நள்ளிரவிலும் பதில் சொல்கிறவர் அவர்தானே.

சரி, அட்மின்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் தனியாகப் பார்க்க முடியாது. மூன்று அட்மின் வையுங்கள். பொருள் விற்கிறவர் தன் பொருள் பற்றிய பதிவில் கை வைக்கக்கூடாது. நீக்கினால் காரணத்தைத் தனியாக எழுதி அனுப்புங்கள். ப்ரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் உறுப்பினர்கள் ஒரு கேள்வியை மூட 3 வாக்கு வேண்டும், திரும்பத் திறக்கவும் வாக்களிக்கலாம், நம் அட்மின் போன்ற மட்டறுத்துநர்களைத் தேர்தல் வைத்துத்தான் எடுக்கிறார்கள். அங்கேயே 2023 ஜூனில், ஏஐ எழுதியதாகத் தெரிகிற பதில்களை நீக்கவிடாமல் நிறுவனம் கட்டுப்படுத்தியது என்று மட்டறுத்துநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்ட் வரை இழுத்தது. விதியை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதை யார் மாற்றலாம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

உப்புவெளி_சோலார்:
அண்ணா, பெயர் கனெக்டரில் அச்சடித்திருந்தது. அதை மறைத்துவிட்டு நான் எதைக் காட்டுவது? அந்த வீட்டில் கூரைக்குக் கீழே இரண்டு சின்னப் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

மூதூர்_வயரிங்:
உட்துறைமுக வீதி அண்ணா, இவ்வளவும் எழுதினீர்கள். அந்தப் பையனைத் திரும்பச் சேர்த்தீர்களா?

உட்துறைமுக_வீதி:
இல்லை தம்பி. போன வருடம் கரையில் கண்டேன். எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, உப்புப் பிடித்த கார்பரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். நான் நிற்காமல் போய்விட்டேன்.