அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கை நினைத்ததைச் சாதிக்கிறதா?

கார்முகில்:
2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் மீண்டும் தாலிபான் கைக்குப் போனது. மறுநாள், ஓடுபாதையில் நகர்ந்துகொண்டிருந்த சி-17 ராணுவ விமானத்தின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு இளைஞர்கள் ஓடினார்கள். 20 ஆண்டுகள் நீடித்த போரில் 2,400க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் அவர்களைவிடப் பல மடங்கு ஆப்கானியர்களும் மாண்டதற்குக் கிடைத்த பலன் அந்தக் காட்சிதான். 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்கா தாலிபானுடன் உடன்பாடு கண்டபோது, தான் தாங்கிப் பிடித்திருந்த ஆப்கான் அரசை அந்த மேசையில் உட்காரக்கூட வைக்கவில்லை. இராக்கின் கதையும் வேறல்ல. 2003இல் எந்தப் பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டிப் படை நுழைந்ததோ அந்த ஆயுதங்கள் அங்கே இல்லவே இல்லை. கியூபா மீதான வணிகத் தடையோ 1962 முதல் நீடிக்கிறது. அதனால் அந்நாட்டு மக்கள் நலிந்தார்களே ஒழிய, ஆட்சி மாறவில்லை. இத்தனைக்குப் பிறகும் இந்தக் கொள்கை பலன் தருகிறது என்று சொல்பவர்கள் எதை அளவுகோலாகக் கொள்கிறார்கள்?

நெய்தல்:
கார்முகில் அவர்களே, நீங்கள் சொன்ன மூன்றையும் மறுக்க மாட்டேன். ஆனால் தோற்ற போர் கண்ணுக்குத் தெரிவதுபோல, நடக்காமல் போன போர் தெரிவதில்லை. எகிப்தும் இஸ்ரேலும் 1948, 1956, 1967, 1973 என நான்கு முறை பெரும் போர்களில் மோதிய நாடுகள். 1979இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அவற்றுக்கிடையே ஒரு போர்கூட மூளவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கு வழிவகுத்தது, 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் 13 நாள் நடந்த பேச்சு. அது கடைசி நாளில் முறியும் நிலைக்கு வந்துவிட்டது. இஸ்ரேல் பிரதமர் பெகின் தன் பேரப்பிள்ளைகளுக்காகக் கையொப்பமிட்ட புகைப்படங்களைக் கேட்டிருந்தார். பேச்சை முன்னின்று நடத்திய அமெரிக்க அதிபர் கார்ட்டர் அக்குழந்தைகளின் பெயர்களை விசாரித்து, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பெயராக எழுதி, தானே எடுத்துச்சென்று கொடுத்தார். அந்தப் பெயர்களைப் படிக்கையில் பெகின் கண் கலங்கினார் என்று கார்ட்டரே பதிவு செய்திருக்கிறார். அன்றே உடன்பாடு கையெழுத்தானது. 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றியிருந்த சினாய் தீபகற்பம் 1982க்குள் ஏறத்தாழ முழுவதும் எகிப்திடம் திரும்பியது. ஒரு வல்லரசு பிறர் மண்ணில் ஆட்சியை நிறுவ முனையாமல், எதிரெதிராக நிற்பவர்களின் சம்மதத்தைத் தேடி உழைக்கும்போது அதன் செல்வாக்கு பலிக்கிறது என்பதே என் நிலைப்பாடு.

வழிப்போக்கன்:
நெய்தல் சொன்னதற்கு வலுச் சேர்க்கும் ஒன்றைக் கூறுகிறேன். சோவியத் ஒன்றியம் சிதறிய பின் 1993இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, சுமார் 20,000 அணுகுண்டுகளுக்குப் போதுமான 500 டன் உயர்செறிவூட்டிய (அணுப்பிளவுக்கு உதவும் பகுதியின் அளவை மிகவும் கூட்டிய) யுரேனியம் நீர்க்கச் செய்யப்பட்டு, 2013 வரை அமெரிக்க அணு உலைகளுக்கு எரிபொருளாக விற்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த யுரேனியத்திலிருந்தே கிடைத்தது. நகரங்களை அழிக்கவிருந்த பொருள் வீடுகளில் விளக்கெரித்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

கார்முகில்:
யுரேனியம் பற்றிய செய்தி உண்மை, பாராட்டத்தக்கது. கேம்ப் டேவிட்டைப் பற்றி மட்டும் பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். அங்கே இரண்டு ஆவணங்கள் கையெழுத்தாயின. மேற்குக் கரையிலும் காசாவிலும் வாழும் பாலஸ்தீனர்களுக்குத் தன்னாட்சி தர வழிவகுப்பதாக இருந்த மற்றோர் ஆவணம் ஏட்டோடு நின்றுவிட்டது. நீங்கள் பெரிதாகப் பேசும் சம்மதம், அந்த மேசைக்கே அழைக்கப்படாத பாலஸ்தீனர்களிடம் கேட்கப்படவில்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. 2015இல் அமெரிக்காவும் பிற வல்லரசுகளும் ஈரானுடன் செய்த அணுசக்தி உடன்பாட்டில் யுரேனியச் செறிவூட்டல் 3.67 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். 2018 மே மாதத்தில் டிரம்ப் அதிலிருந்து விலகினார். 2021இல் ஈரான், அணுகுண்டுத் தரத்தை நெருங்கும் 60 விழுக்காட்டை எட்டியது. ஒரு தேர்தலுக்கு மேல் நிலைக்காத சொல்லை நம்பி மற்ற நாடுகள் தங்கள் பாதுகாப்பை எப்படித் திட்டமிடும்?

நெய்தல்:
பாலஸ்தீனர்கள் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். என் வாதத்தில் அது பெரிய ஓட்டை. ஈரான் விஷயத்திலோ நீங்கள் தந்த எண்களே என் பக்கம் பேசுகின்றன. அமெரிக்கா விலகும்வரை ஈரான் வரம்புக்குள் இருப்பதைச் சர்வதேச அணுசக்தி முகமை தொடர்ந்து உறுதிசெய்து வந்தது. ஆகவே ராஜதந்திரம் பலித்தது. அதைக் கைவிட்டதுதான் தோற்றது.

கார்முகில்:
கைவிடுவதும் அந்தக் கொள்கையின் பகுதிதானே? உக்ரைனைப் பாருங்கள். 1994 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் அதன் எல்லைகளை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. அதை நம்பித் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை உக்ரைன் விட்டுக்கொடுத்தது. 2014இல் கிரிமியா ரஷ்யாவிடம் பறிபோனது, 2022இல் முழுப் போரே வந்தது. இனி இன்னொரு நாட்டிடம் ஆயுதத்தைக் கைவிடச் சொல்லப் போகும் அமெரிக்கத் தூதர் எதைக் காட்டிக் கேட்பார்?

நெய்தல்:
இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை, அது என்னை வருத்துகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். புடாபெஸ்ட் ஆவணத்தில் இருந்தது வாக்குறுதி. தாக்கப்பட்டால் படையுடன் வந்து காப்போம் என்ற கடப்பாடு அதில் இல்லை. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அங்கம் வகிக்கும் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தத்தில் ஐந்தாம் பிரிவோ ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகக் கொள்கிறது. உக்ரைனில் நடந்ததைக் கண்ணெதிரே பார்த்த பின்லாந்து 2023இலும், ஸ்வீடன் 2024இலும், நெடுங்காலம் கடைப்பிடித்த அணிசேராமையை விட்டுவிட்டு அந்தக் கூட்டணியில் சேர்ந்தன. அமெரிக்காவின் சொல் நிலைக்காது என்று நீங்கள் சொல்லும் அதே காலத்தில், அந்த இரு நாடுகளும் அமெரிக்காவும் கட்டுப்பட்டிருக்கும் அந்த ஒப்பந்தத்தையே தேடி வந்தன.