டிரான்ஸ்மியூட்டேஷன்: ‘வேதை’ சரிவருமா?

> ‘உருமாற்றம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. டிரான்ஸ்மியூட்டேஷன் என்றால் ஒரு தனிமம் வேறொரு தனிமமாகவே மாறிவிடுவது. உருமாற்றத்தைப் புழு பட்டாம்பூச்சியாவதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அங்கே உரு மாறுகிறது, உயிர் அதேதான். ஈயம் பொன்னாகும்போது பொருளே வேறாகிவிடுகிறது. ‘தனிம மாற்றம்’ பொருந்தும்தான். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் தனிமம் இல்லை, ‘மூலகம்’. இரண்டு கரைக்கும் இரண்டு சொல் ஆகிவிடும்.

என் பரிந்துரை ‘வேதை’. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்குவதற்குச் சித்தர் பாடல்களில் வழங்கும் சொல்லே அதுதான். தொட்டதைப் பொன்னாக்கும் பொருளைத் திருமந்திரம் ‘பரிசனவேதி’ என்கிறது. செம்பில் படியும் பச்சைக் களிம்பை ரசகுளிகை (பாதரச மாத்திரை) போக்கினால் பொன்னாகும் என்று நம்பினார்கள். வழி தவறு, ஆனால் அவர்கள் தேடியது இதே மாற்றத்தைத்தான்.

1901-இல் கனடாவின் மான்ட்ரியாலில் தோரியம் என்ற தனிமம் தானாகவே வேறு தனிமமாவதைக் கண்ட வேதியியலாளர் சாடி, இது டிரான்ஸ்மியூட்டேஷன் என்று கத்தினாராம். அந்தப் பெயரைச் சொல்லாதே, ரசவாதிகள் என்று நம் தலையை வாங்கிவிடுவார்கள் என்றாராம் அவரோடு ஆய்வு செய்த இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு. பின்னாளில் சாடியே நினைவுகூர்ந்தது இது. அவர்கள் தயங்கிய அதே பழைய சொல்தான் கடைசியில் நிலைத்தது. நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஜெனீவா அருகே செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தில் நடந்ததையே பாருங்கள். ஈயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான், பொன்னில் 79. ஒளிவேகத்தை ஒட்டிப் பாயும் இரண்டு ஈயக் கருக்கள் மோதாமல் மிக நெருங்கிக் கடக்கும்போது, மின்காந்தப் புலத்தின் தாக்கத்தில் மூன்று புரோட்டான் தெறித்தால் மிஞ்சுவது பொன். 2015 முதல் 2018 வரை இப்படி உண்டானவை சுமார் 8,600 கோடி பொற்கருக்கள். மொத்த எடை 29 பிகோகிராம் (ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம்). அதுவும் நொடிப்பொழுதுகூட நிலைக்கவில்லை.

> வேதை என்றால் துன்பம் என்றும் பொருள் உண்டே? வேதியியலோடும் குழம்புமே?

துன்பத்துக்கு இன்று எல்லாரும் வேதனை என்றுதான் சொல்கிறோம். இரண்டாவது கேள்விதான் என்னையும் உறுத்துகிறது. வேதியியலும் அதே ‘வேதித்தல்’ வழி வந்ததுதான். ஆனால் வேதிவினையில் எலக்ட்ரான்கள்தான் கைமாறும், தனிமம் அப்படியே இருக்கும். அதனால் ‘வேதி’யை அங்கேயே விட்டுவிட்டு, ‘வேதை’யை மட்டும் அணுக்கருவுக்கு எடுத்துக்கொள்வோம். வினையாக ‘வேதையுறு’. அப்புறம் ‘இயற்கை வேதை’, ‘செயற்கை வேதை’ என்று பிரிப்பதும் எளிது.

“ஆல்ஃபாத் துகள் பட்டு நைட்ரஜன் ஆக்சிஜனாக வேதையுற்றது.” இலங்கை நண்பர்கள் யாராவது இந்த வாக்கியத்தை அங்கே ஒரு மாணவரிடம் வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.