தமிழில் 83க்கு பி2, கணக்கில் 71க்கு பி1: யாரிடம் கேட்பது? அவசரம்

பாகூர்_அக்கா:
தம்பிக்கு ரிசல்ட் வந்துவிட்டது. தமிழில் 83, கிரேடு பி2. கணக்கில் 71தான், ஆனால் பி1 போட்டிருக்கிறது. கூடுதல் மார்க்குக்குக் குறைந்த கிரேடு எப்படி வரும்? எங்கேயோ மாற்றிப் பதிந்துவிட்டார்கள் போல. கம்ப்யூட்டர் சென்டரில் உடனே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கடலூர்_ஓடி:
பத்தாவதா, பிளஸ் டூவா? எந்த போர்டு? எங்கள் பக்கம் பத்தாம் வகுப்பில் கிரேடே கிடையாது. 500க்கு மொத்தம், பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ்.

வில்லியனூர்வாசி:
இது இன்டர்னல் மார்க் விவகாரம்தான். 80க்கு எழுத்துத் தேர்வு, 20க்கு பள்ளி போடும் மார்க். அந்த 20 சரியாக ஏறியிருக்காது. பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். தமிழில் எவ்வளவு இன்டர்னல்?

மூத்த_உறுப்பினர்:
ரிசல்ட் வந்தால் இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. வகுப்பு, போர்டு, இன்டர்னல் எதையும் சொல்லாமல் அவசரம் என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? முதலில் கேள்வியை முழுசாக எழுதுங்கள்.

பாகூர்_அக்கா:
பத்தாவது. அரசுப் பள்ளி, சிபிஎஸ்இ. தமிழ் இன்டர்னல் 20க்கு 19.

கணக்கு_டீச்சர்:
அக்கா, பணம் கட்டாதீர்கள். உங்கள் பட்டியலில் தவறு எதுவும் தெரியவில்லை. நம்ம புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறி, பத்தாவது பொதுத்தேர்வை முதலில் எழுதியது 2025இல்தான். அதனால் பல வீடுகளில் இந்தக் குழப்பம் இருக்கிறது.

இத்தனை மார்க்குக்கு இந்த கிரேடு என்று அங்கே நிலையான வரம்பு கிடையாது. ஒரு பாடத்தில் பாஸானவர்கள் எல்லோரையும் மார்க் வரிசைப்படி எட்டுப் பங்காகப் பிரிப்பார்கள். முதல் பங்கு ஏ1, அடுத்தது ஏ2, அப்புறம் பி1, பி2, சி1, சி2, டி1, டி2. பாடத்துக்குப் பாடம் வரிசை வேறு. தமிழ்ப் பாடம் எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வீட்டிலும் தமிழ்தான், நன்றாக எழுதிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் 83 எடுத்தவர் நான்காவது பங்கில் நிற்கிறார். கணக்கில் பலர் தடுமாறுவதால் 71க்கே மூன்றாவது பங்கு கிடைத்துவிட்டது. ஒரே மார்க் வாங்கியவர்களைப் பிரிக்க மாட்டார்கள், எல்லோருக்கும் ஒரே கிரேடுதான்.

கிரேடுக்குப் பக்கத்திலேயே மார்க்கும் அச்சாகியிருக்கிறது. 83 என்பது 83தான், அதை யாரும் குறைக்கவில்லை. தமிழ் விடைத்தாள் திருத்தியதிலேயே சந்தேகம் இருந்தால் முதலில் நகல் வாங்கி, வரிக்கு வரி பாருங்கள். எந்தக் கேள்விக்கு மார்க் விடுபட்டது என்று தெரிந்த பிறகு மறுமதிப்பீடு கேட்கலாம். மறுமதிப்பீட்டில் மார்க் குறைந்தால் அதையும் ஏற்கத்தான் வேண்டும்.

வில்லியனூர்வாசி:
இருந்தாலும் இன்டர்னலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

கணக்கு_டீச்சர்:
20க்கு 19 என்கிறார்களே. அதில் இனி என்ன பார்ப்பது?

கடலூர்_ஓடி:
இது நியாயமாகவே படவில்லை. தமிழ்நாட்டில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை 2017லேயே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட வேண்டாம் என்றுதானே? இங்கே எட்டாகப் பிரித்து அதே ஒப்பீட்டைப் பத்திரத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். 83 வாங்கிய பிள்ளை பி2 என்று பார்த்தால் மனசு உடையாதா?

மாஹி_மாமா:
கேரளப் பத்தாம் வகுப்பில் 90க்கு மேல் எடுத்தால் ஏ பிளஸ், 80க்கு மேல் ஏ. பக்கத்து பெஞ்சுப் பையன் எவ்வளவு எடுத்தான் என்பது பிரச்சினையே இல்லை. பிள்ளைக்கும் புரியும், பெற்றவர்களுக்கும் புரியும். அந்த முறைதான் நல்லது.

மூத்த_உறுப்பினர்:
வினாத்தாள் எளிதாக வந்தால் ஊரே ஏ பிளஸ். அப்புறம் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு? வினாத்தாள் கடினமாக வந்த வருஷத்துப் பிள்ளையைக் காப்பாற்றுவது எட்டுப் பங்கு முறைதான். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

கடலூர்_ஓடி:
யோசித்துத்தான் எழுதுகிறேன் ஐயா. வருஷத்துக்கு வருஷம் சமன் செய்ய வேண்டும் என்றால் அதை போர்டு தன் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளை கையில் கொடுக்கும் தாளில் எதற்கு?

கணக்கு_டீச்சர்:
இருவரும் தனி இழை தொடங்கிப் பேசுங்கள். அக்காவுக்குக் கடைசி நாள் நெருங்குகிறது.

பாகூர்_அக்கா:
நன்றி டீச்சர். பள்ளியிலும் இதையேதான் சொன்னார்கள். மறுமதிப்பீடு போடவில்லை. கணக்கில் பி1 என்பது நல்ல இடம் என்றதும் தம்பி பிளஸ் ஒன்னில் கணக்கே எடுக்கிறேன் என்கிறான்.

தவளக்குப்பம்_ராணி:
டீச்சர், என் மகளுக்கு அறிவியலில் 33தான். பாஸ் என்று வந்திருக்கிறது. 35 வேண்டாமா?

கணக்கு_டீச்சர்:
சிபிஎஸ்இ என்றால் 33 போதும் அம்மா. எழுத்தும் இன்டர்னலும் சேர்த்துத்தான். பாஸ்தான், கவலைப்படாதீர்கள்.