'புதைவடம்' மட்டும் போதுமா? – கட்டடங்களுக்கு இடையே செல்லும் கேபிளுக்கான சொற்கள்

வணக்கம்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மண்ணுக்கடியில் கேபிள் கொண்டுபோகும் வேலைக்குப் 'புதைவடம்' என்ற ஒரே சொல் போதும் என்று இங்கே ஒரு ஐயா எழுதியிருந்தார். மின்வாரியச் செய்திகளால் நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போன சொல் அது. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் இங்கே இருப்பது இரண்டு வேலை.

இரும்புக் கவசம் போட்ட கேபிளைப் பள்ளத்தில் இறக்கி, மணல் பரப்பி, செங்கல் அடுக்கி மூடுவது ஒன்று. தொலைபேசிக்குப் போட்ட ஜெல்லி கேபிள்களை இப்படிப் புதைத்தது பலருக்கு நினைவிருக்கும். பழுதானால் தோண்டத்தான் வேண்டும். இது புதைவடம், சரி.

முதலில் வெறும் குழாயைப் பதித்துவிட்டு, அப்புறம் அதற்குள் கேபிளை இழுப்பது இன்னொன்று. ஒளியிழைக்கு (ஆப்டிகல் ஃபைபர்) நம் ஊரில் பெரும்பாலும் 40 மி.மீ. வெளிவிட்டம், 33 மி.மீ. உள்விட்டம் கொண்ட எச்டிபிஇ என்னும் கெட்டியான பிளாஸ்டிக் குழாய். கேபிள் சிக்காமல் ஓட உட்புறம் வழுக்கும் பூச்சு. இங்கே புதைவது குழாய்தான். கேபிளை நாளைக்கே உருவிவிட்டு வேறு போடலாம். ஒப்பந்தத்தில் 'புதைவடம் அமைத்தல்' என்று மட்டும் எழுதிவிட்டால், ஒப்பந்தக்காரர் குழாயே இல்லாமல் மண்ணில் போட்டு மூடினாலும் கேள்வி கேட்க முடியாது.

அந்தக் குழாய்க்கு என்ன பெயர்? 'வடக்குழாய்' என்று இங்கே ஒரு அம்மா சொன்னதில் பொருள் சரி. ஆனால் படிப்பவர் கண் முதலில் 'வடக்கு' என்பதில் போய் நிற்கும். தெற்குப் பக்கம் பதித்தால் என்ன செய்வது? ஆங்கிலத்தில் சொல்வதுபோல் 'டக்ட்' என்றே விடலாம் என்பவர்களுக்கு: வேலை செய்பவர்கள் அதையும் சொல்வதில்லை. "பைப்பு போட்டாச்சு, ஒயர் இழுக்கணும்" என்பதுதான் அங்கே பேச்சு.

என் பரிந்துரை 'வடத்தூம்பு'. ஏரிக்கரைக்கு அடியில் தண்ணீர் போக வைத்த வழிக்குத் தூம்பு என்று பெயர். பாண்டிய நாட்டு ஏரிகளில் குமிழித்தூம்புகளை இன்றும் பார்க்கலாம். மண்ணுக்கு அடியில் செல்வது, உள்ளே ஒன்று போய்வர இடம் விடுவது என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. சுவருக்குள் போகும் கன்ட்யூட்டுக்கு இது வேண்டாம். அது குழாயாகவே இருக்கட்டும்.

'ஒளியிழைத் தூம்பு' என்று குறுக்க வேண்டாம். செம்புக் கேபிளையும் இதற்குள் இழுக்கலாம். கட்டடங்களுக்கு இடையே அதைத் தவிர்ப்பது நல்லது என்பது வேறு விஷயம்: கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டுக்குச் செம்பில் 100 மீட்டர்தான் எல்லை, இரு கட்டடங்களின் எர்த்திங் வேறுபட்டாலும், பக்கத்தில் இடி விழுந்தாலும் இரண்டு முனைக் கருவிகளும் போய்விடலாம்.

கூடவே இரண்டு சொல். குழாய்க்குள் முன்கூட்டியே விட்டுவைக்கும் கயிறு 'இழுகயிறு'. திருப்பங்களில் கட்டும் சிறு தொட்டி 'இழுகுழி'. இரண்டு செங்கோணத் திருப்பத்துக்கு மேல் போனால் கேபிளை இழுப்பது கடினம், அதனால்தான் நடுவில் அந்தத் தொட்டி. அதை 'ஆள்நுழைகுழி' (மேன்ஹோல்) என்றால் பாதாளச் சாக்கடைதான் நினைவுக்கு வரும்.

பின்னால் தேவைப்படும் என்று உபரியாகப் பதிக்கும் குழாயை 'வெற்றுத்தூம்பு' என்பதா, 'இருப்புத்தூம்பு' என்பதா? என் ஓட்டு இரண்டாவதற்கு. வெற்று என்று எழுதினால் யாராவது சிமென்ட் வைத்து அடைத்துவிடுவார்கள். மற்றவர்கள் கருத்தைச் சொல்லுங்கள்.