மஜ்ஜை ஸ்மியர் மட்டும் பச்சைநீலமாக வருவது ஏன்?

ஸ்லைடுபெட்டி:
சில வாரங்களாக எலும்பு மஜ்ஜை ஆஸ்பிரேட் ஸ்மியர்கள் (ஊசியால் உறிஞ்சிய மஜ்ஜையை ஸ்லைடில் பரப்பியவை) பச்சை கலந்த நீலமாக வருகின்றன. நியூக்ளியஸ் மங்கல், பிளாஸ்டா (முதிராத ரத்தச் செல்) லிம்போசைட்டா என்று பிரிப்பதே சிரமம். அதே லீஷ்மன் சாயம், அதே 6.8 பிஎச் பஃபரில் போட்ட ரத்த ஸ்மியர் நன்றாக இருக்கிறது. பஃபரைப் புதிதாகக் கலக்கியும் பலனில்லை. இதே கேஸ்களில் இரும்பை நீலமாகக் காட்டும் பெர்ல்ஸ் ஸ்டெயினில் இரும்பும் இல்லை. நம்பி ரிப்போர்ட் கொடுக்கலாமா?

எண்ணெய்லென்ஸ்:
ரத்த ஸ்மியர் சரியாக வருகிறதென்றால் சாயத்தை விட்டுவிடுங்கள். ட்ரெஃபைன் துண்டு (மஜ்ஜையோடு வெட்டி எடுத்த எலும்புத் துண்டு) போட்ட ஃபார்மலின் டப்பாவும் ஸ்லைடுகளும் ஒரே கவரில் வருகின்றனவா? மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலே ஆவி ஸ்மியரில் ஏறிவிடும். மெத்தனாலில் வைக்கும் முன்பே செல்கள் ஃபிக்ஸ் ஆகிப்போனால் லீஷ்மன், கீம்சா எதுவுமே ஒழுங்காகப் பிடிக்காது. அப்படிக் கெட்ட ஸ்லைடை மீட்க வழியில்லை. காய்ந்த ஸ்மியர்கள் தனிப் பெட்டியில், தனிக் கவரில் வரட்டும். ஊசி போடும் இடத்திலேயே ஃபார்மலின் டப்பாவைக் கடைசியாகத் திறக்கச் சொல்லுங்கள்.

பெர்ல்ஸ்_மேசை:
இரும்பு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். முதலில் ஸ்லைடில் மஜ்ஜைத் துணுக்குகள் இருக்கின்றனவா? 7 துணுக்குகளாவது பார்த்த பிறகுதான் 'இரும்பு இல்லை' என்று எழுதலாம். அதற்குக் குறைவென்றால் 'மதிப்பிடப் போதாது' என்பதே நேர்மையான வரி. 2% பொட்டாசியம் ஃபெரோசயனைடும் 2% ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சம அளவு, போடும் நேரத்தில் கலந்தது, கூடவே இரும்பு இருப்பது தெரிந்த கன்ட்ரோல் ஸ்லைடு. கன்ட்ரோல் நீலமாகாத பேட்சைக் குப்பையில் போடுங்கள். செல்லுக்கு மேலே வேறு ஃபோகஸில் மிதக்கும் நீலப் பொட்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த அழுக்கு, அதை எண்ணாதீர்கள்.

ஸ்லைடுபெட்டி:
ஒரே ஜிப் கவர்தான், சார். துணுக்கும் ஒன்றிரண்டுதான் தெரிகிறது. ட்ரெஃபைன் செக்‌ஷனில் பெர்ல்ஸ் போட்டு இரும்பை முடிவு செய்யலாமா?

பெர்ல்ஸ்_மேசை:
அமிலத்தில் டீகால்சிஃபை செய்திருந்தால் (எலும்பின் கால்சியத்தை நீக்கியிருந்தால்) இரும்பும் கரைந்து போயிருக்கும். நீலம் தெரிந்தால் இருக்கிறது என்று சொல்லலாம். தெரியாவிட்டால் அதற்கு அர்த்தமில்லை. இடிடிஏவில் செய்தால் நாள் கூடுதலாகும், ஆனால் இரும்பும் டிஎன்ஏவும் ஓரளவு தப்பும்.

எண்ணெய்லென்ஸ்:
துணுக்கு குறைவதற்கு முக்கியக் காரணம் முதல் இழுப்பிலேயே நிறைய உறிஞ்சுவது. ஸ்மியருக்கு 0.25 முதல் 0.5 மிலி போதும். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் ரத்தம். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கான இடிடிஏ குழாய், குரோமோசோம் பார்க்கும் சைட்டோஜெனடிக்ஸுக்கான ஹெப்பாரின் குழாய் இரண்டும் அடுத்த இழுப்பில். நீர்த்த சாம்பிளில் பிளாஸ்ட் சதவீதமும் குறைத்துக் காட்டும். அக்யூட் மைலாய்டு லுகேமியாவுக்கான 20% பிளாஸ்ட் எல்லையை ஒட்டிய கேஸில் இது பெரிய ஆபத்து. ஒன்றுமே வராத 'ட்ரை டேப்' என்றால் திறமைக் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். மைலோஃபைப்ரோசிஸ், ஹேரி செல் லுகேமியா இரண்டிலும் அப்படி ஆகும். அங்கே ட்ரெஃபைன் துண்டை ஃபார்மலினில் போடும் முன் ஸ்லைடில் மெல்லத் தொட்டு எடுத்த இம்ப்ரின்ட்தான் கைகொடுக்கும். அழுத்தித் தேய்த்தால் செல்கள் நசுங்கும்.