லேப்டாப்புக்கு வெளியே கிராபிக்ஸ் கார்டு: பெங்களூருல மாட்டினவங்க சொல்லுங்க

அல்சூர்வாசி:
பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல செஞ்ச சீனைப் படமா மாத்தற ரெண்டரிங்தான் என் வேலை. வீட்டுல டெஸ்க்டாப் வைக்க இடமில்ல. லேப்டாப்புல தண்டர்போல்ட்ங்கற வேகமான டேட்டா போர்ட் கிடையாது, அதனால அதுல சொருகற ரெடிமேட் கிராபிக்ஸ் கார்டு பெட்டி நமக்கு ஆகாது. ஆனா உள்ள எஸ்எஸ்டிக்கான எம்.2 ஸ்லாட் ஒண்ணு காலியா இருந்துச்சு. பிராசசரையும் கார்டையும் இணைக்கற பிசிஐஇ பாதை (லேன்) நாலும் அதுக்கு வருது, அது போதும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கற எஸ்.பி. ரோட்டுல கார்டு, பவர் சப்ளை எல்லாம் கேட்ட உடனே எடுத்து வச்சாங்க. எம்.2-ல இருந்து ஆக்குலிங்க் (பிசிஐஇ-யை வெளிய கொண்டு வர்ற கேபிள் இணைப்பு) எடுக்கற அடாப்டர்னு கேட்டா, "ஆன்லைன்ல பாருங்க சார்"னு ஒரே பதில். அப்படித்தான் வாங்கினேன். கார்டு, செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060. 12 ஜிபி மெமரிக்காகவே அதை எடுத்தேன். பெரிய சீன் மொத்தமும் கார்டுக்குள்ளேயே உட்காரணும். ஒரு தடவை உள்ள ஏறிட்டா, அப்புறம் கேபிள்ல பெருசா போக்குவரத்து இல்ல. அதனால ரெண்டரிங்குல டெஸ்க்டாப்புக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல. லேப்டாப்புலயே ஏஐ மாடல் ஓட்டறவங்களுக்கும் இதே கணக்குதான்.

ஆக்குலிங்கை ஓடிட்டிருக்கும்போது பிடுங்கவோ மாட்டவோ கூடாது. முதல்ல கார்டுக்கு கரன்ட், அப்புறம் லேப்டாப் ஆன். பின்மூடியில கேபிளுக்கு ஓட்டை போட்டாச்சு. வீட்டுக்காரம்மா அதைப் பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.

பிடிஎம்_பிஜி:
நான் கேமிங் கட்சி, தண்டர்போல்ட் 3 பெட்டி. பேருக்கு 40 ஜிபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை ஜிகாபிட்). அதுல கார்டுக்குப் போற பிசிஐஇ பங்கு அதிகபட்சம் 32தான், கையில கிடைக்கறது அதைவிடக் குறைவு. அண்ணா சொல்ற ஆக்குலிங்க், ஸ்லாட் பிசிஐஇ நாலாம் தலைமுறையா (ஜென் 4) இருந்தா 64. கேம்ல ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிராசசரும் கார்டும் பேசிக்கிட்டே இருக்கும், அதனால இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். லேப்டாப் திரையிலேயே ஆடினா இன்னும் மோசம்: வரைஞ்ச படம் அதே கேபிள்ல திரும்பி வரணும். மானிட்டரை நேரா கார்டுல சொருகுங்க, பணம் போட வேண்டியது முதல்ல அதுக்குத்தான்.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. எங்க பிஜியில (பேயிங் கெஸ்ட் விடுதி) இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும். கரன்ட் போனா லேப்டாப் பேட்டரில நிக்கும், கார்டு செத்துடும். ஓடிட்டிருந்த கேம் அப்படியே உறைஞ்சுடும், சில சமயம் விண்டோஸே போயிடும். டெஸ்க்டாப்னா மொத்தமா அணையும், இங்க பாதி உடம்பு மட்டும் உயிரோட இருக்கும். மழைக்காலத்துல இதை வச்சு ரேங்க் மேட்ச் ஆடினவனுக்குத்தான் வலி தெரியும். இப்ப கார்டுக்கும் மானிட்டருக்கும் யுபிஎஸ் இருக்கு. வாட்ஸ் பார்த்து வாங்குங்க. 3060 மட்டுமே 170 வாட்ஸ் வரைக்கும் இழுக்கும்.

ஒயிட்ஃபீல்டு_தம்பி:
அண்ணே, ஆபீஸ்ல ஆப்பிளோட சொந்த எம்3 சிப் போட்ட மேக்புக் குடுத்திருக்காங்க. அதுல ஆகுமா?

அல்சூர்வாசி:
ஆகாது தம்பி. இன்டெல் மேக்குகளுக்கு 2018-ல ஹை சியரா 10.13.4 வந்தப்ப ஆப்பிளே ஆதரவு குடுத்துச்சு, அதுவும் ஏஎம்டி கார்டுகளுக்கு. 2020-ல சொந்த சிப்புக்கு மாறினதும் அந்தக் கதவை மூடிட்டாங்க. அது இருக்கட்டும், கம்பெனி லேப்டாப்புல இந்த வேலையே வேணாம். ஐடி டீம் பயாஸை (லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) பூட்டி வச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, திறந்து பார்த்தா வேற பிரச்சினை.

பிடிஎம்_பிஜி:
விண்டோஸ்லயே பழைய லேப்டாப்னா, டிவைஸ் மேனேஜர்ல கார்டு பேரு வரும், பக்கத்துல மஞ்சள் முக்கோணமும் வரும். கோட் 12-ன்னு இருந்தா கார்டு பழுதுன்னு திருப்பிக் குடுக்க ஓடாதீங்க. கார்டு கேக்கற முகவரி இடத்தை லேப்டாப்பால ஒதுக்க முடியலன்னு அர்த்தம். பயாஸ்ல 'அபவ் 4ஜி டீகோடிங்' இருந்தா ஆன் பண்ணிப் பாருங்க. தம்பி, சொந்த லேப்டாப் மாடல் ஏதாவது இருந்தா போடு, எம்.2 ஸ்லாட் எத்தனைன்னு பார்த்துச் சொல்றேன்.