வீட்டு கராஜ்ல குடும்பமா பாகம் சேர்த்து வேட்டை ரைஃபிள் கட்டுறதை நேர்ல பார்த்தவங்க இருக்கீங்களா?

மேல்மாடிவாசி (பென்சில்வேனியா)

இதை யார்கிட்டயாவது சொல்லணும்னு ரொம்ப நாளா உறுத்திட்டு இருக்கு. எங்க டீம்ல ஒருத்தர், லான்காஸ்டர் பக்கம் வீடு. பொண்ணுக்கு அப்பதான் 12 வயசு முடிஞ்சு, வேட்டைக் கோர்ஸ் பாஸ் பண்ணி ஜூனியர் வேட்டை லைசென்ஸ் வாங்கியிருந்தா. கடையில புதுசு எடுக்காம, அடகுக் கடையில கிடைச்ச பழைய சாவேஜ் மாடல் 10 ரைஃபிள் ஒண்ணை வச்சுக் குடும்பமா கட்டிட்டு இருந்தாங்க. அது .308 தோட்டா ரகம். அந்தப் பேரலைக் (குழலை) கழட்டிட்டு .243 ரகப் பேரல் போடுறாங்க. சின்ன உடம்புக்கு உதை கம்மி. ரெண்டுக்கும் பேரலோட பின்வாயை அடைக்கிற போல்ட் ஒண்ணுதான், தோட்டா நிரப்புற மேகசினும் ஒண்ணுதான், அதனால பெரிய செலவு பேரலோட முடிஞ்சுது. சாவேஜ்ல பேரலை ஒரு நட்தான் இறுக்கிப் பிடிக்குது, அதைக் கழட்டி மாட்டலாம், அதனால லேத் வேண்டாம்.

நான் போனது இரவல் வாங்கின டிரில்லைத் திருப்பிக் கொடுக்க. உள்ள நுழைஞ்சா ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டை மூடினா தோட்டாவுக்கு உள்ள இருக்கிற இடம் சரியான்னு பார்க்கிற நேரம். பொண்ணு, இருக்க வேண்டிய குறைஞ்ச அளவைக் காட்டுற கோ கேஜைப் போட்டு ஒரே விரலால போல்ட்டை இறக்கினா. இறங்கிடுச்சு. தாண்டக் கூடாத அளவைக் காட்டுற நோ-கோ போட்டா. பாதியில நின்னுச்சு. நிக்கணும், அதுதான் சரி. அப்பா கையைக் கட்டிட்டு நிக்கிறார், கிட்டயே வரலை. "இன்னொரு தடவை" மட்டும் சொன்னார். அவ மறுபடி செஞ்சா. அப்புறம் அம்மா சமையலறையில இருந்து கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, யாரும் கேட்காமலே அதே ரெண்டு கேஜையும் போட்டுப் பார்த்துட்டுப் போனாங்க. அடுத்து குட்டித் தம்பி. எல்லாம் முடிஞ்சதும் அவர் என்னைப் பார்த்து போல்ட் கைப்பிடியைக் காட்டினார். தீபாவளி ரோல் கேப் துப்பாக்கியைத் தவிர வேற எதையும் தொடாத ஆளு நான். பாக்கெட்ல இருந்த கையை வெளியவே எடுக்கலை.

எல்லாரும் ஏன் பார்க்கணும்னு கேட்டேன். "இதுல கன்னம் வைக்கப்போற ஒவ்வொருத்தரும் பார்க்கணும். நீங்களும் சுடுற ரேஞ்சுக்கு வரேன்னு சொன்னீங்களே"ன்னார். எப்போ சொன்னேன்னு இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன்.

லானோ அம்மா (டெக்சாஸ்)

தம்பி, நீங்க பார்த்த வீடு ஒழுங்கான வீடு. எங்க வீட்ல கேஜ் எல்லாம் கிடையாது. அப்பனும் மகனும் செகண்ட் ஹேண்ட் .30-06 ரைஃபிள் ஒண்ணு வாங்கி, அதுக்கு லேமினேட் ஸ்டாக் (தோள்ல வைக்கிற கட்டை) வரவழைச்சு, டைனிங் டேபிள் மேல எபாக்ஸிப் பசை பூசி, போல்ட் ஓடுற உலோக உடலான ஆக்‌ஷனை உட்கார வச்சாங்க. ஒட்டிக்கக் கூடாதுன்னு ஷூ பாலிஷ் தடவினாங்க பாருங்க, அந்தக் கறுப்பு என் டேபிள் கிளாத்ல இன்னும் இருக்கு.

ரேஞ்சுக்கு நானும் போனேன். பையன் ஸ்கோப்பை ரொம்பப் பின்னாடி மாட்டியிருந்தான். கழுத்தை நீட்டிப் பார்த்தான், சுட்டான், உதையில ஸ்கோப் இடிச்சுப் புருவத்துக்கு மேல பிறை மாதிரி ஒரு வெட்டு. ரத்தம் மூக்குல வழியுது. நான் கத்திட்டேன். அவன் சிரிக்கிறான்! பக்கத்து பெஞ்ச்ல இருந்த ஒரு தாத்தா தொப்பியைத் தூக்கித் தன் நெத்தியைக் காட்டினார். அதே இடத்துல அதே பிறை. அதுக்குக் கீழ இன்னொண்ணு. ரெண்டாவது எப்படி வந்துச்சுன்னு கேட்கத் தோணாம போச்சேன்னுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆத்தாமை.

பிள்ளைகளுக்குச் செய்யறவங்க ஒண்ணைக் கவனிங்க. ஸ்டாக் நீளம். பெரிய ஆள் அளவு ஸ்டாக்கைக் கொடுத்தா பிள்ளை கழுத்தை நீட்டும், கன்னம் தூக்கும், அப்புறம் ஸ்கோப் குத்தத்தான் செய்யும். அடிக்கட்டையில ஸ்பேசர் வச்ச யூத் ஸ்டாக் வாங்குங்க, வளர வளர ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம். ஸ்கோப்பை நிறுத்தும்போது பிள்ளையைக் கண்ணை மூடித் தோள்ல வைக்கச் சொல்லி, அப்புறம் திறக்கச் சொல்லணும். படம் முழுசாத் தெரியணும், ஓரம் கறுக்கக் கூடாது. குளிர் ஜாக்கெட் போட்டும் பார்க்கணும், ஏன்னா சீசன்ல அதோடதான் சுடப்போறாங்க. ஸ்கோப்பைப் பிடிக்கிற ரிங் ஸ்க்ரூவைக் கை போன போக்குல முறுக்காம, இறுக்கத்தை அளந்து காட்டுற இஞ்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்ச் வாங்குங்க. சத்தத்துக்குக் காதுக்கு உள்ள அடைப்பான் ஒண்ணு, மேல மூடி ஒண்ணு, ரெண்டும் வேணும். முதல் நாள் நிறைய சுட விடாதீங்க, தோள் வலிச்சா பிள்ளை சுடும்போது கண்ணை மூடப் பழகிடும், அதை மாத்துறது பெரும்பாடு. 1971 செப்டம்பர் 2லயோ அதுக்கு அப்புறமோ பிறந்திருந்தா இங்க வேட்டைக்குப் போக ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் கட்டாயம். அதனால என் வீட்டுக்காரரும் மகனும் ஒரே பெஞ்ச்ல உட்கார்ந்து படிச்சாங்க. மகன்தான் கூட மார்க்.

பனிக்காட்டான் (ஒன்டாரியோ)

மேல்மாடி அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நட்டை இறுக்கிறதைத் துவக்குக் கட்டுறது எண்டு சொல்லேலாது. சாமான் எல்லாம் பெட்டியில வருது, பூட்டினது மட்டுந்தான்.

நான் வேலை செய்த இடத்தில ஒரு கிழவர், தண்டர் பே பக்கம் ஊர். பேரனுக்கு எண்டு தன்ரை பழைய லீ-என்ஃபீல்ட் நம்பர் 4ஐ, அது பட்டாள .303 துவக்கு, திருத்திக்கொண்டிருந்தவர். இஞ்ச ஏழை எளியதுகள் மூஸ் எண்ட பெரிய மானை அடிச்சது காலங்காலமா அந்த .303 ஆலைதான். வடக்கில கனேடியன் ரேஞ்சர்ஸ் எண்ட ராணுவ ரிசேர்வ் ஆக்கள் கூட 1947இல இருந்து அதைத்தான் வைச்சிருந்தவை, கிட்டடியிலதான் புதுசு குடுத்தது. கிழவர் முன்மரத்தை ரம்பத்தால அறுத்துக் குறைச்சு, சீவி, ராவி, ஆளி எண்ணெய் பூசி, பேரனுக்கு அளவா எடுத்தவர். அது கட்டுறது.

ஆக்‌ஷன் பக்கத்தில 'லாங் பிராஞ்ச்' எண்டும் 1943 எண்டும் குத்தியிருந்தது. டொரொன்டோவுக்குப் பக்கத்து லாங் பிராஞ்ச் தொழிற்சாலை, யுத்த நேரம் பெண்கள்தான் அங்க கனபேர். பேரன் அந்த இடத்தையும் மினுக்கப் போனான், கிழவர் கையைப் பிடிச்சிட்டார். மற்றதெல்லாம் ராவலாம், எழுத்தில கை வைக்கக்கூடாது.

எனக்கு மறக்கேலாதது அதில்லை. ஊரில 303 ஆற்றை கையில இருந்தது எண்டு இஞ்ச சிலருக்குத் தெரியும். பேரன் போல்ட்டை இழுத்து அடிச்சான். அந்தச் சத்தம். நான் எழும்பி வெளியில பனிக்குள்ள போட்டன், சப்பாத்தும் போடேல்லை. கிழவர் பின்னால வந்தவர். ஒண்டும் கேக்கேல்லை. போல்ட்டைக் கழட்டித் தன்ரை ஜாக்கெட் பொக்கெட்டில போட்டு சிப்பை இழுத்தார். பிறகு எண்ணெய்த் துணியை என்ரை கையில தந்து, "மரத்துக்கு இன்னொரு பூச்சு வேணும்" எண்டார். பூசினன். ஏன் பூசினன் எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது.

சட்டப்புள்ளி (நியூ ஜெர்சி)

என் அனுபவம் சின்னது. மேனேஜர் வீட்டில் மகனோடு சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தார், "கொஞ்சம் பிடி" என்று வெறும் ரிசீவரை, அதாவது பேரலும் போல்ட்டும் பூட்டும் உலோக உடலை, நீட்டினார், நான் பின்வாங்கினேன், அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் மேல்மாடிவாசி கையை வெளியே எடுக்காதது நல்லதாகப் போயிற்று. எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 1968 துப்பாக்கிச் சட்டப்படி பேரல், ஸ்டாக், ஸ்கோப் எதுவும் துப்பாக்கி அல்ல, தபாலில் வீட்டுக்கே வரும். ரிசீவர் மட்டும்தான் துப்பாக்கி. பேரல் இல்லாமல் மொட்டையாக இருந்தாலும் அதேதான். அதைக் கடையில் வாங்கினால் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை தாண்டித்தான் கைக்கு வரும். அப்பா தன் பணத்தில் வாங்கி மகளுக்குப் பரிசாகக் கொடுப்பது வேறு, பக்கத்து வீட்டுக்காரர் பணத்தில் அவருக்காக நீங்கள் வாங்கிக் கொடுப்பது வேறு. இரண்டாவது குற்றம். எச்1பி, எஃப்1 என்று தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு 1998இல் தடை வந்தது, துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது. விலக்குகளில் முக்கியமானது செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அது காலாவதியானால் விலக்கும் போச்சு. "ரேஞ்சில் ஒரே ஒரு ரவுண்டு" என்பவர்களை நம்பி விசாவைப் பணயம் வைக்காதீர்கள். மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனி, எங்கள் மாநிலம் ரொம்பக் கறார். வக்கீலைக் கேளுங்கள்.

மேல்மாடிவாசி

சார், எனக்கு கிரீன் கார்டு வந்து நாளாச்சு.

சட்டப்புள்ளி

முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

வைகைக்கரை (மதுரை)

இங்க 1959 ஆயுதச் சட்டம் இருக்கிற ஊர்ல உட்கார்ந்து இதைப் படிக்கிறதே வயித்தைக் கலக்குது. லைசென்ஸ் இல்லாம வீட்ல ஒரு பேரல் மாத்தினா மறுநாள் ஸ்டேஷன்ல. வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முடிஞ்சு போச்சு. நான் தொட்டது என்சிசி கேம்ப்ல .22 மட்டும். குப்புறப் படுத்து கன்னத்தை மரத்துல வச்சதும், முன்னாடி எத்தனையோ பேர் கன்னம் வச்ச எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுச்சு. சுடச் சொல்லிக்கொடுக்கிற உஸ்தாத் என் முதுகுல பூட்ஸை வச்சு "மூச்சை விடு"ன்னார். சுட்டது எங்க போச்சுன்னு தெரியாது, அந்தப் பிசுக்கு மட்டும் ஞாபகம் இருக்கு.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். மானைக் கொல்றதுக்கு அம்மா, அப்பா, தம்பி எல்லாம் சேர்ந்து கேஜ் பார்க்கணுமா? பன்னெண்டு வயசுப் பொண்ணு கையில இதைக் கொடுக்கிறதை அனுபவம்னு ரசிக்கிறீங்களே.

மேல்மாடிவாசி

அண்ணே, ரசிச்சேன்னு சொல்லலையே, உறுத்துதுன்னுதானே சொன்னேன். ஆனா மான் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். இங்க புலியும் கிடையாது, ஓநாயும் கிடையாது. ராத்திரி கார் ஓட்டினா மான் மேல ஏத்தாம வர்றதே பெரிய காரியம். 1900 வாக்கில நாடு முழுக்கச் சில லட்சமாச் சுருங்கின வெண்வால் மான், இப்போ கோடிக் கணக்குல இருக்கு. 1937 சட்டப்படி ரைஃபிளும் தோட்டாவும் செய்யற கம்பெனி விக்கிற விலையில 11 சதவீதம் வரியாப் போய் காட்டு விலங்குப் பராமரிப்புக்கு வருது. சும்மா சுட்டுப் போடுறதும் இல்லை. அவங்க வீட்டு ஃப்ரீசர்ல மாட்டுக்கறியே கிடையாது.

பொண்ணு விஷயம் சொல்றேன். 2019ல இருந்து இங்க துப்பாக்கி மான் வேட்டை சீசன் தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை தொடங்குது, முன்னாடி திங்கள்தான். இன்னும் பல ஊர்ல அந்தத் திங்களுக்கு ஸ்கூல் லீவு. சனிக்கிழமை அப்பாகூட மரத்து மேல உட்கார்ந்திருக்கா, ஒரு பெட்டை மான் கிட்டக்க வந்து நின்னுச்சாம். பின்னாடி ரோடு இருக்குன்னு சொல்லி அவளே சேஃப்டி பூட்டைத் தள்ளலை, சுடலை. திங்கட்கிழமை அவர் ஆபீஸ்ல லீவு. அதுக்கப்புறம் நான் கேட்கலை.

வைகைக்கரை

ரோடு இருக்குன்னு நின்னுச்சா புள்ள? சரி, அதை ஏத்துக்கிறேன். மத்ததை இல்லை.

லானோ அம்மா

பனிக்காட்டான் தம்பி, நட்டு முறுக்கினா கட்டினதாகாதுன்னு சொல்றீங்க. ரம்பம் வச்சு அறுத்தா மட்டும்தான் கட்டினதுன்னா, எங்க வீட்டுக்காரர் ஸ்டாக்ல பேரல் உரசுற இடத்தை மணல் காகிதத்தால தேய்ச்சுத் தேய்ச்சு, டாலர் நோட்டு இடையில தடையில்லாம ஓடுற வரைக்கும் உட்கார்ந்தாரே, அது என்னவாம்? ஞாயித்துக்கிழமை முழுக்கப் போச்சு. சாம்பார் நான் ஒருத்தியாத்தான் வச்சேன்.

இன்னொண்ணு. ஆளி எண்ணெய்த் துணின்னு எழுதியிருக்கீங்களே, அதைக் கசக்கி மூலையில போட்டா தானாவே சூடேறித் தீப்பிடிக்கும். பூசி முடிச்சதும் வெளியில விரிச்சுக் காயப் போடணும். கராஜ்ல பெட்ரோல் கேனும் இருக்கும், மறந்துடாதீங்க.

பனிக்காட்டான்

அக்கா, கிழவர் துணியைத் தண்ணி வாளிக்குள்ள போட்டவர். டாலர் நோட்டுக் கதை நல்லாயிருக்கு, அதைக் கட்டினது எண்டே வைப்பம். இஞ்ச ஐஞ்சு டாலரில இருந்து தாள் எல்லாம் பிளாஸ்டிக், அதின்ரை கனம் சரிவருமோ தெரியேல்லை. ஆராவது பார்த்தால் சொல்லுங்கோ.